என்றும் உங்கள் சேவையில்

கடலைமிட்டாய்க்காரர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பேச ஆரம்பித்ததுமே கொம்பையா தன் முறை எப்போது வரும் என்று எண்ணிப் பார்த்தார். முன்வரிசை முடியப் போகிறது, அதற்கடுத்து ஒரு வரிசை, அப்புறம் இந்த வரிசை, இந்த வரிசையில் ஓரமாக ஜவுளிக்கடைக்காரர், அவருக்குப் பக்கத்தில் கண்ணாடிக்கடை, அப்புறம் இவர்தான். சாப்பாட்டு நேரத்திலேயே நழுவியிருக்கலாம், யார் கையைப் பிடித்து நிறுத்தினார்கள், எலுமிச்சம்பழச் சோற்றைத் தின்றோமா, கையைக் கழுவினோமா, லாட்ஜ் படி இறங்கி வண்டியை எடுத்தோமா என்று இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஏன் இருக்கவில்லை என்றால் அதற்கான பதில் வலது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. திரவியம். அச்சாபீஸ் திரவியம். பெண்டாட்டி செத்துப் போன நாளிலிருந்து இவரோடு ஒரு வார்த்தை பேசாத திரவியம். காலையில் அவன் அந்தக் கோடியிலும் இவர் இந்தக் கோடியிலுமாக இருந்தார்கள். சாப்பிட்டு வந்ததும் இந்த ஹரிப்ரியாப் பொண்ணு, மதுரையிலிருந்து வியாபாரிகள் சங்கம் கூட்டிவந்திருக்கிற பொண்ணு, சின்னக் கடைக்காரர்கள் செல்போனை வைத்து வியாபாரத்தைப் பெருக்குவது எப்படி என்று சொல்லிக் கொடுக்க வந்தவள், எல்லோரும் இடம் மாறி உட்காருங்க சார் என்றாள். மாறினார்கள். இவர் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்தது, அது எங்கே போனாலும் அப்படித்தான், கல்யாணப் பந்தியிலும் அப்படித்தான், பஸ்ஸில்கூட ஆள் தெரிந்தால் அப்படித்தான். கடைசியாகக் கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்த திரவியத்துக்கு வேறு நாற்காலி இல்லை. ஒரு நிமிஷம் நின்று பார்த்தான், பிறகு உட்கார்ந்தான். அதிலிருந்து நேராக வெள்ளைப் பலகையையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அந்தப் பொண்ணு சொன்ன விளையாட்டு இதுதான். ஒவ்வொருத்தராக எழுந்து தன் தொழில் என்னவென்று ஒரே மூச்சில் சொல்லணும். உடனே அவருக்கு வலது பக்கம் இருப்பவர் எழுந்து, அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லணும். மனுஷன் வாயால வர்ற நல்ல வார்த்தையை மிஞ்சின விளம்பரம் உலகத்துலயே கிடையாது சார், என்கிறாள். அவளோடு வந்த இன்னொருத்தி எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடிக்கிறாள், சாயங்காலம் சங்கத்து குரூப்பில் போடுவார்களாம். என்ன சொல்வது? ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறேன் என்றா? மிட்டாய், ஜவுளி, பூட்டு, பேக்கரி என்று வரிசையாக வந்துகொண்டிருக்கிற இடத்தில், பிரேதத்தை வைக்கிற பெட்டி என்று எழுந்து நின்று சொன்னால் இந்த ஏசியை நிறுத்திவிடலாம், அவ்வளவு குளிர்ந்து போகும். சாமியானா, நாற்காலி வாடகை என்று சொன்னால் என்ன? அதுவும் பொய்யில்லையே. இருக்கிறதே, பெட்டியோடு சேர்த்துத்தானே போகிறது. ஆனால் எந்தக் கல்யாணத்துக்காவது இவர் சாமியானா போயிருக்கிறதா? எந்தக் காது குத்துக்காவது இவர் நாற்காலி போயிருக்கிறதா? போகாது. கடலைமிட்டாய்க்காரருக்குத் தெரியும், அவர் அப்பாவுக்கு இவர் பெட்டிதான் போனது. பேக்கரிக்காரருக்குத் தெரியும். முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதுதான் இந்தத் தொழிலுக்கு ஊர் கொடுக்கிற மரியாதை. கடைத்தெருவில் எதிரே பார்த்தால் லேசாகத் தலையசைப்பார்கள், வியாபாரம் எப்படி என்று மட்டும் கேட்க மாட்டார்கள். கேட்டால் இவர்தான் என்ன சொல்வார், இந்த மாசம் நல்லா இருக்கு அண்ணாச்சி என்றா?

இந்தப் பொண்ணு சொல்வதில் ஒரு குத்தமும் இல்லை. நல்ல பொண்ணு, பொறுமையாகச் சொல்கிறாள், கிழடு கட்டைகள் கேட்கிற கேள்விக்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறாள். ஒரு தடவை வந்தவங்க மறுபடி வரணும் சார், அதுதான் வியாபாரம், என்கிறாள். வந்தவர்களை வீடியோவில் பேச வையுங்கள் என்கிறாள். வாசலில் மீண்டும் வருக என்று ஒரு வார்த்தை எழுதிப் போடுங்கள், மனுஷனுக்கு அது ஒரு சந்தோஷம், என்கிறாள். அம்மா, தாயே, நான் ஒரு வீட்டிலிருந்து கிளம்பும்போது வாரேன் என்றுகூடச் சொல்லக் கூடாதும்மா. பெட்டியை இறக்கி, பிளக்கைச் சொருகி, குளிர் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல், யார் முகத்தையும் பார்க்காமல் படி இறங்கிவிட வேண்டும். மறுநாள் வந்து பெட்டியைத் தூக்கும்போதும் அப்படியே. எத்தனை வீடு, எத்தனை வாசல், ஒரு வீட்டிலும் போய்ட்டு வாரேன் என்று சொன்னதில்லை. பழகிப் பழகி இப்போது சொந்த வீட்டிலிருந்து கிளம்பும்போதும் வாய் வருவதில்லை. பெண்டாட்டி சண்முகக்கனி முதலில் அதற்குச் சண்டை போட்டாள், இப்போதெல்லாம் போடுவதில்லை. அப்புறம் இன்னொன்று, யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் எப்படி இருக்கு என்று இவர் கேட்கக் கூடாது. மற்றவன் கேட்டால் அது விசாரிப்பு, கொம்பையா கேட்டால் அது வேறே. பெரியாஸ்பத்திரி வாசலில் ஒரு தடவை யாரோ தெரிந்தவரைப் பார்த்து என்ன இங்க என்று கேட்டுவிட்டார், சும்மா வாய் தவறித்தான், அந்த ஆள் முகம் போன போக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இதெல்லாம் தெரிந்த ஆள், இத்தனையும் அத்துப்படியான ஆள், அந்தக் காரியத்தைப் பண்ணினாரே. அதை நினைத்தால்தான் எதையாவது எடுத்து மண்டையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

போன மார்கழியில் இதே ஹாலில் இதே பொண்ணு எடுத்த முதல் வகுப்பு. புதிதாக ஒரு கம்பெனி வந்திருந்த நேரம், வெள்ளை வண்டி, பையன்களுக்கெல்லாம் ஒரே மாதிரி பனியன், செல்போனில் தட்டினால் பெட்டி வந்து நிற்கும் என்று ஊரெல்லாம் பேச்சு. இவருக்கு வருகிற போன் குறைந்துகொண்டே வந்தது. பெட்டிகள் ஷெட் வாசலில் வரிசையாகச் சும்மா கிடந்தன, அதில் ஒன்றின் மேல் சண்முகக்கனி வத்தல் காயப் போட்டிருந்தாள். அதைப் பார்த்ததும்தான் இவர் சங்கத்துக்குப் போய்ப் பேரைக் கொடுத்தார். அன்றைக்கு அந்தப் பொண்ணு சொன்னாள், பண்டிகைக்கு வாழ்த்து அனுப்புங்க சார், செலவே இல்லாத விளம்பரம், உங்ககிட்ட வந்த ஒருத்தரையும் விட்டுடாதீங்க. சொன்னாள்தான். அவளுக்கு இவர் என்ன தொழில் என்று தெரியுமா? இவர் சொன்னாரா? எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள், இவர் தனக்கென்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பொங்கலன்று விடியக்காலை, சண்முகக்கனி அடுப்பில் பானை ஏற்றியிருக்கிறாள், வாசலில் உட்கார்ந்து ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதினார். கரும்பும் பானையும் சூரியனுமாக ஒரு படம். அதன் கீழே, இந்தப் பொங்கல் திருநாளில் உங்கள் இல்லத்தில் இன்பம் பொங்கட்டும். கொம்பையா ஐஸ் பெட்டி. எந்த நேரமும் அழைக்கலாம். என்றும் உங்கள் சேவையில். எழுதி முடித்ததும் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதுதான் இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது, அந்தச் சந்தோஷம். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த வீடுகளிலெல்லாம் ஏறி ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வருவது போல இருந்தது. போனில் இருந்த அத்தனை பேருக்கும் அனுப்பினார். பெட்டி எடுத்த வீடுகள், அவர்களுடைய மச்சான் மருமகன், பூக்கடை, சங்கு ஊதுகிறவர், ஆம்புலன்ஸ் டிரைவர். ஒருத்தரையும் விடவில்லை.

பொங்கல் பொங்குவதற்குள் முதல் போன் வந்துவிட்டது. எங்க வீட்ல இன்னொண்ணு விழணுமால ஒனக்கு, என்றது ஒரு குரல். யாரென்றுகூடச் சொல்லவில்லை. அப்பன் போய் வருஷம் திரும்பாமல் பொங்கலே கொண்டாடாத வீடு, அந்த வீட்டுக்கு இன்பம் பொங்கட்டும் என்று போயிருக்கிறது, போதாததற்கு எந்த நேரமும் அழைக்கலாம். அடுத்தடுத்து வந்தது. அம்மையைச் சொன்னார்கள், பிள்ளைகளைச் சொன்னார்கள். இவர் ஆமாய்யா, ஆமாய்யா, தப்புத்தான்யா என்று வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அழிக்கலாமா என்று பார்த்தால் எப்படி அழிப்பது என்று தெரியவில்லை, பொங்கலன்று யாரிடம் போய்க் கேட்பது. திட்டியவர்களைப் பற்றிக்கூட வருத்தமில்லை, திட்டினவன் நாலு நாளில் மறந்துவிடுவான். திரவியத்திடமிருந்து ஒன்றும் வரவில்லை. அவன் போனுக்கும் போயிருக்கிறது, படித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுந்திருக்கிறது, ஒரு வார்த்தை இல்லை. அவன் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஏ கூறுகெட்டவனே என்று ஒரு வார்த்தை, அவன் வழக்கமாகச் சொல்கிறதுதான்.

திரவியத்துக்கும் இவருக்கும் என்ன உறவு என்று சொல்ல ஒரு பேர் கிடையாது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வருகிறவர்களிடம் அவன் இவர் நம்பரைக் கொடுப்பான், பெட்டிக்குக் கூப்பிடுகிறவர்களிடம் இவர் அவன் அச்சாபீஸைச் சொல்வார். அப்படித்தான் ஆரம்பித்தது. அப்புறம் அது இல்லாமலே பார்க்க ஆரம்பித்தார்கள். கோமதி, அவன் பெண்டாட்டி, அவள் ஒருத்திதான் இந்த ஊரில் இவர் எந்த வேலை முடித்துவிட்டு வந்தாலும் குளிச்சீகளா இல்லையா என்று கேட்காமல் வாங்க அண்ணாச்சி என்று உள்ளே உட்கார வைத்துக் காபி கொடுத்தவள். அதே டம்ளரில். தனி டம்ளர் கிடையாது. அவளுக்கு வயிற்றில் கட்டி, மதுரையில் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவளிடம் குடல் புண் என்று சொல்லிவைத்திருந்தான் திரவியம். அந்த நோயின் பேரை அந்த வீட்டில் யாரும் வாயைத் திறந்து சொல்லக் கூடாது, பிள்ளைகளுக்குக்கூடக் கட்டளை. கோடைக்குள்ள சரியாயிரும்ட்டி, திருச்செந்தூர் போய் மொட்டை போட்டுட்டு வருவோம் என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தான், அவளும் சரி சரி என்று நம்பிக்கொண்டிருந்தாளாம். மிஷின் ஓடுகிற சத்தத்தில் அச்சாபீஸில் வைத்து இவரிடம் மட்டும் சொன்னான். நீ வீட்டுப் பக்கம் வராதடே, ஒன் மூஞ்சியப் பாத்தா அவளுக்குத் தெரிஞ்சிரும். இவர் போகவில்லை. போகணும் போல எவ்வளவோ இருந்தும் போகவில்லை. தெருமுனை வரைக்கும் வண்டியில் போய்த் திரும்பி வந்த நாள் உண்டு. எப்படி இருக்கா என்று திரவியத்திடம்கூடக் கேட்கவில்லை, தான் கேட்கக் கூடாதே, பேப்பர் விலை, மழை, சங்கத் தேர்தல் என்று வேறு எதையாவது பேசிவிட்டு வருவார்.

பொங்கலுக்கு அப்புறம் அச்சாபீஸ் பக்கம் போக முகமில்லாமல் இருந்தவர், அவள் போனதைச் சுவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். மார்க்கெட் பக்கத்தில் டீ குடிக்க நின்றபோது எதிர்ச்சுவரில் பசை ஈரம் காயாமல் கோமதி சிரித்துக்கொண்டிருந்தாள், திரவியத்தின் சொந்த அச்சாபீஸில் அடித்த போஸ்டர். டீயைக் கீழே வைத்தாரா குடித்தாரா என்று ஞாபகமில்லை. செல்போனை எடுத்துப் பார்த்தார், ஒருவேளை கூப்பிட்டிருப்பானோ, நாம்தான் கவனிக்கவில்லையோ என்று. கூப்பிடவில்லை. திரவியம் வீட்டுத் தெருவுக்குப் போனால் அங்கே வெள்ளை வண்டி நின்றது, பனியன் போட்ட பையன்கள் நின்றார்கள். எதிர்வீட்டு வாசலோரம் யாரோ மாதிரி நின்று பார்த்தார். பெட்டிக் கண்ணாடியெல்லாம் புழுங்கி வேர்த்து அவள் முகமே தெரியவில்லை, மூடியை ஒழுங்காக அழுத்தவில்லை பயல்கள், ஒரு துணி எடுத்துத் துடைத்துவிட ஆளில்லை. இவர் சட்டைப் பையில் துணி இருந்தது. எப்போதும் இருக்கும். நாலு எட்டு வைத்தால் போதும். திரவியம் நிமிர்ந்து இவரைப் பார்த்தான், பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அதற்கப்புறம் எப்படி உள்ளே போவது. பண்டிகையும் நாளுமாய் உடம்புக்கு முடியாதவள் கிடக்கிற வீட்டுக்கு ஐஸ் பெட்டி விளம்பரம் அனுப்பினவன், எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போவது. அந்தக் கோபம்தான் அவனுக்கு, இருக்காதா பின்னே. ஆனால் கோபம்தானே, கோபம் என்றால் இறங்கும், ஒரு மன்னிப்பு கேட்டால் இறங்கும், அதற்குத்தானே இன்றைக்கு இங்கே வந்தது. அவன் மகன், வீட்டிலேயே இடிந்துபோய் உட்கார்ந்திருக்காதீங்கப்பா என்று அவன் பேரை இந்த வகுப்புக்குக் கொடுத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டுத்தான் வந்தது. வியாபாரம் எக்கேடோ கெட்டுப் போகட்டும்.

ஜவுளிக்கடைக்காரர் எழுந்துவிட்டார். இவ்வளவு சீக்கிரமா? நடுவில் ஒரு வரிசை இருந்ததே, அது எப்போது போனது. திரவியத்தின் முழங்கை நாற்காலிக் கையில் கிடக்கிறது, இவர் முழங்கை அதற்கு அந்தப் பக்கம், நடுவில் ஒரு விரல் போகலாம். அச்சு மை வாசனை அடிக்கிறது, அவனிடம் எப்போதும் அடிக்கிற வாசனை, அது மட்டும் மாறவில்லை. மெலிந்திருக்கிறான். கழுத்துப் பட்டி தொளதொளவென்று கிடக்கிறது. அவன் எழுந்து என்ன சொல்வான்? ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தபடியே இருந்துவிட்டால்? இல்லை எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டால்? இந்த மனுஷன் என் வீட்டுக்கு என்ன அனுப்பினான் தெரியுமா என்று மைக்கில், சங்கத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் முன்னால்? சொல்லட்டும். சொன்னால்கூடப் பரவாயில்லை, ஏதோ ஒன்று பேசினான் என்றாகிவிடும். கண்ணாடிக்கடைக்காரர் ஜவுளிக்காரரைப் புகழ்ந்தார், பிறகு தன் கடையைச் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள், எதற்கென்று தெரியவில்லை. அவரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல வேண்டியது இவர். எழுந்தார். நேர்மையான ஆளு என்றார், வேறென்ன சொல்வது, உட்காரப் போனார். அடுத்து உங்க தொழில் சொல்லுங்க சார், என்றாள் அந்தப் பொண்ணு. சாமியானா என்றுதான் சொல்ல வாயெடுத்தார், சத்தியமாக சாமியானா என்றுதான்.

"கொம்பையா. ஐஸ் பெட்டி. செத்தவங்களுக்கு."

பேக்கரிக்காரர் காலைப் பார்த்துக்கொண்டார். படம் பிடித்த பொண்ணு செல்போனைக் கொஞ்சம் கீழே இறக்கினாள். ஹரிப்ரியா முகத்தில் ஒரு நொடி ஏதோ வந்து போனது, மார்கழியில் தான் சொன்னதை நினைத்தாளோ என்னவோ, ரொம்ப அவசியமான சேவை சார் என்று மெதுவாகச் சொன்னாள், பிறகு பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். திரவியம் எழவில்லை. எழ மாட்டான். எழவே மாட்டான் என்று இவர் கண்ணை மூடிக்கொண்டபோது நாற்காலி நகர்ந்தது. எழுந்துவிட்டான். தொண்டையைச் செருமிக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு வந்துருவாப்ல, என்றான். அப்புறம், ராத்திரி பகல்னு பாக்க மாட்டாப்ல, யார் வீட்டுலயும் பேரம் பேசினதில்ல, என்றான். குரலில் ஒன்றுமில்லை, கோபமும் இல்லை. உட்கார்ந்தான். முதலில் கடலைமிட்டாய்க்காரர் கை தட்டினார், அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். அந்தப் பொண்ணுக்கு ஒரே சந்தோஷம், இதுதான் சார், இந்த வார்த்தையைத்தான் சார் நீங்க போடணும் என்று பலகைப் பக்கம் திரும்பி சொன்ன நேரத்துக்கு என்று பெரிதாக எழுத ஆரம்பித்தாள். கொம்பையாவுக்கு நெஞ்செல்லாம் இளகிப் போயிற்று. பேசிவிட்டான். இறங்கிவிட்டது. இனிமேல் சாயங்காலம் அச்சாபீஸுக்குப் போகலாம், மிஷின் பக்கத்து ஸ்டூலில் உட்காரலாம், கோமதி படத்துக்கு முன்னால் போய் ஒரு தடவை நிற்கலாம். அழுகை வந்துவிடும் போல இருந்தது, அடக்கிக்கொண்டு அவன் பக்கம் சாய்ந்தார்.

"தெரியாமப் பண்ணிட்டேன்டே. ஒனக்கும் சேத்து அனுப்பிட்டேன். நீ படிச்சிட்டு எவ்வளவு…"

"நான் எங்கடே படிச்சேன்." திரவியம் பலகையைப் பார்த்தபடியே சொன்னான். "போன் அவ கையில இருந்துச்சு. பொழுதுபோக எதையாவது பாத்துக்கிட்டுக் கெடப்பா. அவதான் படிச்சா."

கொம்பையா சாய்ந்தபடியே இருந்தார். நிமிரத் தோன்றவில்லை. ஹரிப்ரியா எழுத்தின் கீழே கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"'அண்ணாச்சிக்குத் தெரிஞ்சிருக்கு, நீங்கதான் எங்கிட்ட மறைச்சிட்டீக'ன்னா. அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் எங்கிட்ட அவ பேசல."

அடுத்து நீங்க சார், என்றாள் ஹரிப்ரியா. திரவியம் எழுந்து தன் பேரைச் சொன்னான், அச்சாபீஸ் என்றான், கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, போஸ்டர் எல்லாம் அடித்துத் தரப்படும் என்றான். அவனுக்கு வலது பக்கம் இருந்த பூட்டுக்கடைக்காரர் எழுந்து, அண்ணாச்சிகிட்ட எழுத்துப் பிழையே வராது என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். கொம்பையாவும் தட்டினார்.